மாப்பிள்ளை வீட்டு இன்ஜின்

அத்தியாயம் பதினொன்று

"சாவியைத் திருப்பட்டுமா, அத்தான்?"

தம்பி இதைக் கேட்பது எத்தனையாவது தடவை என்று மூத்தவளுக்குக் கணக்கில்லை. கொட்டகை வாசலில், நாற்றுத் தட்டுகள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பொறு. டீசல் குழாயில இன்னும் காத்து இருக்கு," என்றது பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலோடு அவள் பேசி ஒரு வருடம் ஆகிறது. அது அவளுடைய கணவன் குரல்.

அப்பாவின் ஜீப்புக்கு வீட்டில் 'முரடன்' என்று பெயர். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. மலைமேல் இருக்கும் இவர்களுடைய நாற்றுப்பண்ணைக்குத் தார்ச்சாலை கிடையாது. கல்லும் பள்ளமுமாக ஒரு தடம், நடுவில் ஓர் ஓடை, அவ்வளவுதான். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று, மழை வெள்ளம் புரண்டு ஓடிய அந்த ஓடைக்குள் தம்பி முரடனை இறக்கினான். பாதி ஓடையில் இன்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டு அடங்கிப்போனது. அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி கரையேறினான். அப்பா பிழைத்துவிட்டார். முரடனின் பெட்ரோல் இன்ஜின் பிழைக்கவில்லை.

இன்று மதியம் அப்பா வீடு திரும்புகிறார். இன்ஜின் செத்த கதை அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது. "மனசை அலட்டுற மாதிரி எதையும் காதுல போடாதீங்க," என்று டாக்டர் ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறார். கீழ்த் தோட்டத்து டிராக்டர் இந்தத் தடத்தில் ஏறும்தான். ஆனால் இதயத்தைத் திறந்து தைத்துக்கொண்டு வருகிற மனுஷனை டிராக்டரில் குலுக்கிக்கொண்டு வர முடியுமா?

செத்த இன்ஜின் இருந்த இடத்தில் இப்போது ஒரு டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் போன அத்தியாயத்தில் நம்மையெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. தன் சரக்கு வேனிலிருந்து கழற்றிய இன்ஜினை, யாரும் கேட்காமலே, தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியவன் மூத்தவளின் கணவன். "வேன் உடைஞ்சுபோச்சு. இது சும்மாதான் கிடக்கு," என்று தம்பியிடம் மட்டும் சொன்னான்.

இதே கணவனைத்தான் அப்பா போன வருடம், "இந்தக் கேட்டுக்குள்ள இனிமே காலெடுத்து வைக்காதே," என்று விரட்டியிருந்தார். மூத்தவளின் வயிற்றில் இருந்த பிள்ளை கலைந்த சமயம் அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தனியாகக் கிடந்தாள். சரக்கோடு போன கணவன் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை. எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து வந்து நின்று, "வேலை இருந்துச்சு," என்ற இரண்டே வார்த்தையைச் சொன்னான். அன்றே அப்பா மகளை முரடனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆக, எந்த மாப்பிள்ளையின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அப்பா சபதம் போட்டாரோ, அந்த மாப்பிள்ளையின் இன்ஜின்தான் இன்று அவரை வீட்டுக்கு இழுத்துவர வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியாமல்!

"இப்பத் திருப்பு," என்றான் கணவன்.

தம்பி சாவியைத் திருப்பினான்.

உள்ளே ஏதோ முனகியது. சுற்றியது. நின்றது. மறுபடி முனகியது. மூத்தவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். மூன்றாம் முறை கொட்டகையின் தகரக் கூரை அதிர, 'தட தட தட'வென்று இன்ஜின் உயிர் பிடித்தது.

"அக்கா! ஓடுது! ஓடுதுக்கா!" தம்பி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினான்.

கணவன் நிமிர்ந்தான். நெற்றியில் கரி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தாள். அவளும் சிரித்துவிடப் போனாள். நல்லவேளை, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரப் பாடு இது. டீசல் இன்ஜின் கனம் என்பதால் அதைத் தாங்க இரும்புப் பட்டையில் புதிதாகக் கால்கள் வெட்டிப் பற்றவைத்தார்கள். இந்த இன்ஜினும் அந்த கியர் பாக்ஸும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் முறைத்துக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு கடைந்து வைத்து சமாதானம் செய்தார்கள். இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி முன்பக்க அச்சில் இடித்தது. அதன் மூலையை வெட்டி எடுத்துவிட்டு மூடிப் பற்றவைத்தார்கள். செடிக்கு ஒட்டுக் கட்டுவதில் கைதேர்ந்தவள் மூத்தவள். அவளுக்கே இந்த ஒட்டு பிடிக்குமா என்று தினமும் சந்தேகம்தான்.

பிடித்துவிட்டது போலிருந்தது.

அப்போதுதான் சத்தம் மாறியது.

'தட தட' என்றிருந்தது 'தடதடதட' ஆயிற்று. பிறகு இடைவெளியே இல்லாத ஒரு உறுமல். 

"காலை எடுடா!" கணவன் கத்தினான்.

"நான் காலே வைக்கலை அத்தான்!"

"சாவியை அணை!"

"அணைச்சுட்டேன்!"

தம்பி சாவியை உருவிக் கையில் தூக்கிக் காட்டினான். சாவி அவன் கையில். இன்ஜின் தன் போக்கில் ஏறிக்கொண்டே போனது. வண்டி முழுக்கக் காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறியது. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை பொங்கிக் கொட்டகையை நிறைத்தது.

கணவன் டீசல் குழாயைப் பிடுங்கியே விட்டான். ஒரு சொட்டு டீசல் உள்ளே போக வழியில்லை. ஆனாலும் சத்தம் ஏறியது. தாகம் எடுத்த பேய் வேறு எதையோ குடிக்கிறது!

"கியர்ல போட்டு அடக்கட்டுமா?" தம்பி அலறினான்.

"வேணாம்! எதிர்ல சுவரு இருக்கு! இறங்கு, இறங்கி ஓடு!" கணவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே குனிந்தான். "காத்து போற வாயை அடைக்கணும். காத்து இல்லைன்னா நின்னுரும்!"

இன்ஜினின் பக்கத்தில், காற்று வடிகட்டி இன்னும் மாட்டப்படாமல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழாய் வாய் திறந்திருந்தது. அவன் சட்டையைச் சுருட்டி அதில் வைத்த மாத்திரத்தில், பசித்த வாய் துணியை விழுங்கப் பார்த்தது. பிடித்து இழுத்தான். முழங்கை கொதிக்கும் புகைக்குழாயில் பட்டது. "ஆ!" என்று அலறினான்.

மூத்தவளுக்கு யோசித்த நினைவே இல்லை. மேசையில் நாற்றுத் தட்டுக்கு அடியில் இருந்த பலகையை உருவினாள். மண்ணும் நாற்றும் தரையில் சிதறின. புகைக்குள் பாய்ந்து, கணவனைத் தோளால் தள்ளிவிட்டு, பலகையை அந்தக் குழாய் வாயில் வைத்து உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்து அமுக்கினாள்.

பலகை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் 'சப்'பென்று ஒட்டியது. இன்ஜின் திணறியது. ஒரு இருமல், இன்னொரு இருமல். வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. அடங்கியது.

காதுக்குள் 'ங்ஙொய்' என்ற சத்தம் மட்டும் மிச்சம்.

தம்பி கொட்டகைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். எப்போது போய் உட்கார்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நீ இல்லைன்னா இன்னிக்கு…" கணவன் ஆரம்பித்தான்.

"கையில தண்ணி விடுங்க," என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "முதல்ல தண்ணி விடுங்க. பேச்சு அப்புறம்."

அவன் குழாயடிக்குப் போகவில்லை. எண்ணெய்த் தொட்டியின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

"எண்ணெய்! என் புத்தியை எதால அடிக்கறதுன்னு தெரியலை. தொட்டியில ஒரு மூலையையே வெட்டி எடுத்தோம். எண்ணெயைக் குறைச்சோமா? வேன்ல ஊத்துற அளவையே பழக்கதோஷத்துல ஊத்திட்டேன். நிரம்பி வழிஞ்ச எண்ணெய் காத்துக் குழாய் வழியா உள்ள போயிருக்கு. அதைக் குடிச்சுக்கிட்டுத்தான் இந்த ஆட்டம் ஆடியிருக்கு."

"இன்ஜின் போயிருச்சா?" மூத்தவள் கேட்டாள்.

"தெரியலை. எண்ணெயை வடிச்சுட்டு மறுபடி ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

மறுபடியா!

கணவன் குழாயடிக்குப் போனான். தம்பி எழுந்து வந்து, வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெயை வடிக்க ஆரம்பித்தான். அவனுக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. இப்போதும் ஓயவில்லை.

"கெட்டியான இன்ஜின்க்கா. ஒண்ணும் ஆகியிருக்காது. அந்த வேன் கிடந்த கிடையை நீ பாக்கலை. பழைய இரும்புக் கடையில நான்தானே அத்தான்கூடப் போய்க் கழட்டினேன். டிரைவர் பக்கத்துக் கதவே இல்லை. கூரை இப்படி மடங்கி சீட்டு மேல உக்காந்திருக்கு. அதுக்குள்ளேர்ந்து மனுஷன் எப்படி உயிரோட வந்தாரோ! ஆனா இன்ஜின்ல ஒரு கீறல் இல்லை, பாரேன்."

மூத்தவள் வண்டியின் பக்கத்தில் குனிந்தாள்.

"என்ன சொன்னே?"

தம்பி வண்டிக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டான்.

"வேன் உடைஞ்சுபோச்சுன்னுதானே சொன்னாரு? கவுந்துதா? எப்போ?"

"அக்கா… அத்தான் சொல்லக் கூடாதுன்னு…"

"எப்போடா?"

தம்பி வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "நீ ஆஸ்பத்திரியில இருந்தியே, அந்த ராத்திரி. விஷயம் கேள்விப்பட்டதும் சரக்கைப் பாதி வழியில இறக்கிப் போட்டுட்டு உன்கிட்டதான் ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. தூக்கத்துல கண்ணு அசந்துட்டாராம். பள்ளத்துல கவுந்து, நினைவில்லாம எங்கியோ ஒரு ஆஸ்பத்திரியில கிடந்திருக்காரு. போனும் அதோட நசுங்கிப்போச்சு."

"நினைவு வந்ததுக்கப்புறம்? அப்பவாவது யார்கிட்டயாவது போன் வாங்கிக் கூப்பிட்டிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவ இழந்துட்டுக் கிடக்கறா. நான் கட்டுப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா, அவ தன் அழுகையை விட்டுட்டு எனக்கு அழுவா. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை'ன்னாரு."

யோக்கியதை! மூத்தவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யார் யாருக்காக அழ வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல இவர் யார்? ஒரு வருடம். ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் காலிக் கட்டிலின் ஓரத்தைப் பார்த்தபடி 'ஏன் வரலை, ஏன் வரலை' என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தாளே. ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. சீட்டு மேல் மடங்கி உட்கார்ந்த கூரை.

"நான் சொன்னேன்னு சொல்லிராதேக்கா," தம்பி கெஞ்சினான்.

அதற்குள் போன் அடித்தது. அம்மா.

"கிளம்பிட்டீங்களா? டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. உங்கப்பா சட்டை மாத்திக்கிட்டு உக்காந்தாச்சு. 'முரடன் எங்கே, முரடன் எங்கே'ன்னு ஒரே நச்சு. 'கழுவித் துடைச்சுக் கொண்டுவர்றாங்க'ன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் இன்னும் எத்தனை பொய்தான் சொல்றது, சொல்லு? நரகத்துல எனக்குத் தனி அறையே போட்டிருப்பாங்க."

"வந்துக்கிட்டே இருக்கோம்மா," என்றாள் மூத்தவள். அவள் பங்குக்கு ஒரு பொய்.

கணவன் ஈரக் கையோடு திரும்பி வந்தான். முழங்கையில் சிவப்பாக ஒரு பட்டை. அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டுவிடுவாள். கேட்க இது நேரமில்லை.

வெட்டி எடுத்த தொட்டி மூலை இன்னும் கொட்டகையில்தான் கிடந்தது. அவன் அதைக் கிண்ணம் மாதிரி பிடித்துத் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு கொள்கிறது என்று அளந்தான். அந்த அளவு எண்ணெயையும், அதற்கு மேல் ஒரு குவளையையும் குறைத்துவிட்டு, வடித்ததில் மிச்சத்தைத் திரும்ப ஊற்றினான். காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே தேங்கியிருந்த எண்ணெயைத் துடைத்தான்.

"திருப்பு," என்றான்.

தம்பி சீட்டில் உட்கார்ந்தான். சாவியைத் துளைக்குள் வைக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது. ஓடையில் வண்டி நின்ற நாளிலிருந்தே அவனுக்கு இந்த நடுக்கம் உண்டு. இன்று காலையில் நடந்தது வெந்த புண்ணில் வேல்.

"இறங்கு," என்றாள் மூத்தவள். "பலகையை நீ பிடி. நான் திருப்பறேன்."

சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தூக்கி நின்ற பானெட்டின் ஓரத்தில், கணவனின் ஒரு பாதி முகம் தெரிந்தது. தலையசைத்தான். திருப்பினாள்.

'தட தட தட.'

மூன்று பேரும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஏறுகிறதா? ஏறவில்லை. ஒரே சீராக ஓடியது. கணவன் கையைக் காட்டினான். சாவியை அணைத்தாள். நல்ல பிள்ளையாக நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். சொன்ன பேச்சைக் கேட்டது.

"யார் ஓட்டறது?" தம்பி கேட்டான்.

அவனால் முடியாது. கணவன் ஓட்டினால் ஆஸ்பத்திரி வாசலிலேயே அப்பா அவனைப் பார்த்துவிடுவார்.

"நான்தான்," என்றாள். "நீ இங்க இருந்து அந்தப் பழைய இன்ஜினைத் தார்ப்பாயால மூடு. அப்பாவுக்குக் கீழ் அறையில கட்டிலைப் போடு."

"நான் மோட்டார் சைக்கிள்ல பின்னாடி வர்றேன்," என்றான் கணவன். "தூரத்துலதான் வருவேன். மாமா கண்ணுல பட மாட்டேன். ஏதாவதுன்னா ஹாரன் அடி."

நாற்றுப் பலகையை அவளே எடுத்துப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது முரடன் முன்பைவிட மூக்கைத் தாழ்த்திக்கொண்டு இறங்கியது. கனமான இன்ஜின். ஒவ்வொரு பள்ளத்திலும் எங்கே ஒரு திருகாணி தெறிக்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து மெலிந்துபோய் ஆடியது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே தலையை உயர்த்தினார். வண்டி வந்து நிற்கும்வரை இமைக்கவில்லை.

"வாங்க, வாங்க, ஏறுங்க," அம்மா பையைப் பின்சீட்டில் எறிந்தாள். "வெயில் ஏறுது. மாத்திரை நேரம் வேற. இது என்னடி, சீட்டுல பலகை?"

"சும்மா… நாற்றுப் பலகைம்மா."

"நாற்றுப் பலகைக்கு முன்சீட்டா? நல்ல கூத்து!" அம்மா அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா முன்சீட்டில் ஏறினார். 'டீசல் வண்டின்னா இருமும். பெட்ரோல் வண்டின்னா பேசும்' என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுஷர். மூத்தவள் அவர் வாயைப் பார்த்தபடி சாவியைத் திருப்பினாள். தடதடவென்று ஓடியது. அப்பா முன்பலகையில் உள்ளங்கையை வைத்தார். அதிர்வைக் கேட்பவர் மாதிரி வைத்தே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள்.

அம்மா பேசிக்கொண்டே வந்தாள். உப்புக் குறைக்க வேண்டும், மாடி ஏறக் கூடாது, பக்கத்துக் கட்டில் மனுஷர் குறட்டையில் ஜன்னல் ஆடியது என்று ஒன்றையும் விடவில்லை. அப்பா பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓடை வந்தது. இன்று முழங்கால் அளவுத் தண்ணீர்தான். சின்ன கியர் தண்டைப் பிடித்து நாலு சக்கர இழுவைக்கு மாற்றினாள்.

"மெதுவா," என்றார் அப்பா. ஏறியதிலிருந்து பேசிய முதல் வார்த்தை. "அலை எழும்பாம ஒரே சீரா போ. நடுவுல காலை எடுக்காதே."

அப்படியே போனாள். கல்லில் ஏறி, கல்லில் இறங்கி, ஒரு மூச்சுக்கூடத் தவறாமல் முரடன் அக்கரை ஏறியது. அடுத்து வந்த செங்குத்து ஏற்றத்தையும் கியரைக் குறைக்காமலே ஏறிவிட்டது. பழைய இன்ஜின் அங்கே அழுதுகொண்டுதான் ஏறும்.

கடைசி வளைவுக்கு முன்னால் ஒரு சமதரை. 

"நிறுத்து," என்றார் அப்பா.

"என்னப்பா? வலிக்குதா?" அவளுக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க? என்ன பண்ணுது?" பின்னாலிருந்து அம்மா பாய்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை. சூடு முள்ளைப் பாரு. பாதிக்கு மேல ஏறிடுச்சு. பெட்ரோல் இன்ஜினுக்கு வச்ச ரேடியேட்டர் இதுக்கு எப்படிப் பத்தும்? அணைக்காதே. கொஞ்ச நேரம் நின்னு ஓடட்டும்."

மூத்தவள் முள்ளை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்பா… உங்களுக்கு…"

"மயக்கத்துல கிடந்தாலும் காது அடைச்சா போயிரும்? ஓடை நடுவுல 'டக்'குன்னு அது நின்னது கேட்டுச்சு. அப்புறம் உன் தம்பி அழுதது கேட்டுச்சு. வண்டிக்கு அழறான் பைத்தியக்காரன்னு நினைச்சேன். எனக்கு அழுதிருக்கான்னு ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்புறம்தான் புரிஞ்சுது." அப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்கம்மா தினமும் ஒரு கதை சொன்னா. வண்டியைக் கழுவறாங்க, வண்டிக்கு வண்ணம் அடிக்கறாங்கன்னு. சொல்லட்டும்னு விட்டுட்டேன். அவளுக்கும் பொழுது போகணுமில்ல?"

அம்மா மடியில் இருந்த பலகையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"நல்லா இழுக்குது," என்றார் அப்பா. "யாரோட இன்ஜின்?"

டாக்டரின் விரல் கண்ணுக்கு முன்னால் ஆடியது. ஆனால் இந்தக் கண்ணைப் பார்த்து எந்தப் பொய்யைச் சொல்வது?

"அவரோடதுப்பா."

"பின்னாடி ஒரு மோட்டார் சைக்கிள், ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து நம்ம நிழல் மாதிரி வருதே. அதுல வர்றவரோடதா?"

அவள் தலையாட்டினாள்.

"ஹாரன் அடி. கூப்பிடு."

அடித்தாள். ஏதோ ஆபத்து என்று நினைத்துக் கணவன் கல்லிலும் பள்ளத்திலும் தூக்கிப் போட வேகமாக வந்தான். வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடிவந்து, ஜன்னலில் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"மாமா…"

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். முழங்கைக் காயத்தில் கண் ஒரு கணம் நின்றது.

"இன்ஜின் நல்லாப் பொருத்தியிருக்கு. அதை அப்புறம் பேசுவோம். எனக்கு ஒரு கேள்வி இருக்கு. போன வருஷம் கேக்காமலே விரட்டிட்டேன். கட்டில்ல மல்லாந்து கிடந்தப்போ அதான் என்னை உறுத்திக்கிட்டே இருந்துச்சு." குரல் தணிந்தது. "என் பொண்ணு தனியாக் கிடந்தாளே, அந்த வாரம் நீங்க எங்க இருந்தீங்க?"

கணவன் மூத்தவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் விளிம்பைப் பார்த்தான்.

"வேலை இருந்துச்சு மாமா."

அதே இரண்டு வார்த்தை.

மூத்தவளின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. பேசாமல் இருந்துவிட்டால் அப்பாவின் நெஞ்சுக்கு நல்லது. தம்பி கெஞ்சிக் கேட்டதற்கும் நல்லது. கணவன் எப்படியும் வாயைத் திறக்கப் போவதில்லை. இந்த வளைவைத் தாண்டினால் வீடு.

"பொய்," என்றாள். "அவர் சொல்றது பொய்ப்பா."

கணவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "உனக்கு எப்படி…"

"பொய்னு எனக்கும் தெரியுது," என்றார் அப்பா. "நிஜம் என்னன்னு சொல்ல யாராவது இருக்கீங்களா, இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல் வருவதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"என்னைக் கேளுங்க," என்றாள் அம்மா.

மூன்று பேரும் திரும்பினார்கள். அம்மா மடியில் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"வேன் கவுந்த ராத்திரி, அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேர்ந்து நம்ம வீட்டுக்கு போன் பண்ணினாங்க. மாப்பிள்ளை பிழைப்பாரான்னே தெரியலைன்னாங்க." கணவன் கை ஜன்னல் விளிம்பிலிருந்து நழுவியது. இது அவனுக்கே புதிது. "அந்த போனை எடுத்தது நான்தான். யார்கிட்டயும் சொல்லலை."

இன்ஜின் மட்டும் தடதடவென்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.